சாமைக் களத்தை உழுத கபடிக் குழு

தலையில் சாமைக் கட்டோடு ராமாயி அக்கா வந்து நின்ற நிற்பு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. கட்டை இறக்கவில்லை. வாயைத் திறந்து திட்டவும் இல்லை. நாங்கள் ஒரு டீமே மண்வெட்டியும் கடப்பாரையுமாக, புருவம் வரைக்கும் புழுதியோடு, பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

அவர் எங்களைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மறுபடியும் எங்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா, களத்த உழுது வெச்சிருக்கீங்க? இன்னா வெதைக்கப் போறீங்க?"

எங்கள் கேப்டன் அஞ்சலைக்கு அப்போதும் விஷயம் புரியவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "கபடி கிரவுண்டுக்கா. உங்க ஊர்ப் பொண்ணுங்க ஆடறதுக்கு. மண்ணு எப்டி பஞ்சு கணக்கா இருக்குது, கால வெச்சுப் பாருங்க."

ராமாயி அக்கா கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். விரல் முழுசாக உள்ளே இறங்கியது. பஞ்சு மாதிரிதான் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

சேவை என்றால் துடைப்பம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், கள்ளக்குறிச்சியில் எனக்குக் கல்லூரி இடம் கிடைத்ததே கபடியால்தான். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: நான் ஸ்டெல்லா, லெஃப்ட் கார்னர். எதிர் டீமிலிருந்து பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்து உட்கார வைப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பேன். முகம் அப்புறம்தான்.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது எங்கள் கல்லூரி முதல்வருக்கு ஒரு யோசனை வந்தது. விளையாட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கும் சரியாக வருவதில்லை, தினமும் முட்டை மட்டும் வாங்கித் தின்கிறார்கள், ஊருக்கு ஏதாவது செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். அதுவரை சமூக சேவை என்பது பேட்ஜ் குத்திய வேறு பிள்ளைகளின் சமாசாரம் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

முதலில் பஸ் ஸ்டாண்டைப் பெருக்கினோம். பிறகு ஓர் அலுவலக வாசலைப் பெருக்கினோம். அங்கிருந்த வாட்ச்மேன், "அப்டியே நம்ம ரூமையும் ஒரு இழுப்பு இழுத்துடுங்கம்மா" என்றார். அஞ்சலை அவரை முறைத்த முறைப்பில் மனிதர் தானே துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்.

எங்கள் பி.டி. வசந்தா மேடத்துக்கும் இந்தத் துடைப்ப சேவை பிடிக்கவில்லை. ஒல்லியான மேடம், கழுத்தில் எப்போதும் விசில். ஒரு நாள் விசிலைச் சுழற்றிக்கொண்டே, "கல்வராயன் மலையில முகாம் போடறோம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு கிரவுண்டு சுத்தம் பண்ணித் தர்றோம். மேட்ச்சுக்கு முன்னாடி மலைக் காத்துல ரெண்டு நாளு இருந்தா உங்களுக்கும் மூச்சு நல்லாப் புடிக்க வரும்" என்றார். சேவையையும் பயிற்சியையும் ஒரே பஸ் டிக்கெட்டில் முடிக்கிற கணக்கு அது.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், மூச்சுப் பிடிப்பதில் பேர் வாங்கிய எங்கள் ரைடர்கள் எல்லாம் வரிசையாக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. அதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கையோடு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனரும் கொண்டுபோயிருந்தோம். "சமூக சேவை முகாம்" என்று கொட்டை எழுத்து. அதைவிடக் கொட்டையாக முதல்வரின் சிரித்த முகம்.

ஆற்று மணலில் ஆடியவள்

களத்தைப் போய் ஏன் கொத்தினீர்கள் என்று கேட்பீர்கள். அதற்கு நான் மணலூர்பேட்டைக்குப் போய்விட்டு வர வேண்டும்.

எங்கள் வீடு பெண்ணையாற்றுக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண் பிள்ளைகள் எல்லாம் ஆற்றுக்கு ஓடுவோம். மணலில் காலால் கோடு போட்டுக் கபடி. கோயிலுக்குப் போட்டுப் போன கவுனோடேதான் ஆட்டம். "சாமி கும்புட்ட கவுனு எப்டிடி இப்டி கிழிஞ்சிகினு வருது?" என்று அம்மா வாராவாரம் கேட்பார். முட்டி போட்டு ஜெபம் பண்ணினேன் என்று நான் வாராவாரம் ஒரே பதிலைச் சொல்வேன்.

மணலில் எப்படி விழுந்தாலும் வலிக்காது. பிறகு பள்ளிக்கூடத்துக் கெட்டித் தரையில் ஆடிய முதல் நாளே இரண்டு முட்டியும் உரிந்து போயிற்று. அன்றிலிருந்து கெட்டித் தரை என்றாலே எனக்கு ஆகாது. கல்லூரியிலும் அப்படித்தான். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னால் கிரவுண்டைக் கொத்தி, கல்லைப் பொறுக்கி, மண்ணைச் சலித்து, தண்ணீர் தெளித்து மெத்து மெத்தென்று ஆக்குவோம். நல்ல தரை என்றால் மெத்தென்ற தரை. எங்கள் டீமில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் யாருமே கதிர் அடிக்கும் களத்தைப் பார்த்தது கிடையாது. எங்கள் ஊரில் நெல் அறுக்க மெஷின் வயலுக்குள்ளேயே இறங்கும். அறுத்து, அடித்து, நெல்லை டிராக்டரில் கொட்டிவிட்டுப் போய்விடும். அஞ்சலை நைனார்பாளையத்துக்காரி. அவள் ஊர்ப் பக்கம் மக்காச்சோளத்தைத் தார் ரோட்டில் பரப்பி வைப்பார்கள், பஸ்காரர் திட்டிக்கொண்டே அதன் மேல் ஓட்டிப் போவார்.

ஆக, மலை மேல் வழவழவென்று ஒரு வெற்றுத் தரையைப் பார்த்தால் எங்களுக்கு என்ன தோன்றும்?

ஆளில்லாத காலையில்

முந்தின நாள் சாயங்காலம் ஊர்க் கவுண்டர் எங்களுக்கு இடம் காட்டியிருந்தார். மலை ஊர்களில் நல்லது கெட்டது எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், உண்ணிச்செடி மண்டிக்கிடந்த பாறைக் காடு ஒன்றைக் கை காட்டி, "இத்த சுத்தம் பண்ணிக் குடுத்தீங்கன்னா புள்ளைங்க வெளையாடும்" என்றார்.

காலையில் மேடம் அரிசி பருப்பு வாங்க வெள்ளிமலைக்குப் போய்விட்டார். ஊர் மொத்தமும் சாமை அறுக்கப் போயிருந்தது. வீட்டு வாசல்களில் கோழிகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன.

நாங்கள் பாறையைப் பார்த்தோம். பக்கத்திலேயே, கபடிக்கென்று அளந்து வைத்த மாதிரி, நீளமும் அகலமுமாக ஒரு சமதரை. ஒரு புல் இல்லை, ஒரு கல் இல்லை.

"இவ்ளோ நல்ல எடத்த வுட்டுட்டு எதுக்குடி அந்தப் பாறையில மாரடிக்கணும்?" என்றாள் அஞ்சலை. காலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். 'டங்'கென்றது. "ஆனா சிமெண்டு மாதிரி இருக்குது. இதுல வுழுந்தா சின்னப் புள்ளைங்க முட்டி பேந்துடும்."

அவ்வளவுதான். கடப்பாரை போட்டு நெம்பினோம். மண்வெட்டியால் கொத்தினோம். கட்டிகளை உடைத்து, உள்ளங்கையால் நீவி நீவிப் பொடியாக்கினோம். அன்றைக்கு வேலை செய்த மாதிரி சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக் குப்பை மாதிரி இல்லை, இது எங்களுக்குத் தெரிந்த வேலை. உச்சி வெயிலில் நிமிர்ந்து பார்த்தால், மாவட்டத்திலேயே அப்படி ஒரு கபடி கிரவுண்டு கிடையாது.

அப்போதுதான் ராமாயி அக்கா கட்டோடு வந்து நின்றார்.

ஒரு வருஷச் சோறு

அவர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அது ஊர்ப் பொதுக் களம். போன வாரம் பூராவும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து களிமண் போட்டு, தண்ணீர் ஊற்றி, இடித்து இடித்துக் கெட்டி பண்ணியிருக்கிறார்கள். மறுநாள் சாணி மெழுக வேண்டியதுதான் பாக்கி. அதற்கு மறுநாள் முதல் முறை ராமாயி அக்காவுடையது. அவர் கொல்லையில்தான் சாமை முதலில் முற்றியது. அறுத்த கதிரெல்லாம் களத்து ஓரத்தில் போராக நின்றது. நாங்கள் அதன் நிழலில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

கணவர் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார். இரண்டு பிள்ளைகள், மாமியார். இந்தப் போர்தான் நான்கு பேருக்கும் ஒரு வருஷச் சோறு.

"கெட்டித் தரையில போட்டு மாடு கட்டி மிதிச்சாதாம்மா ஆவும். இந்த மண்ணுல போட்டா சாமையும் மண்ணும் ஒண்ணாப் பூடும். கடுகு கணக்கா இருக்கறத யாரு பொறுக்கறது?" என்றார். பிறகு வானத்தைப் பார்த்தார். "அதோ பாரு, கறுத்துகினு வருது. போரு நனைஞ்சா உள்ள சூடேறி மொளைச்சிடும்."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. போவதற்கு வசதியாகத்தான் நாங்களே கொத்தி வைத்திருந்தோம்.

ஒவ்வொருவராக ஊர் கூடியது. ஊர்க் கவுண்டர் தலையைச் சொறிந்தார். "நான் காட்டின எடம் அதாச்சேம்மா" என்று பாறையைப் பார்த்துச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்து இறங்கினார் வசந்தா மேடம். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. நீளமாக ஒரு விசில். பழக்க தோஷத்தில் நாங்கள் வரிசையாக நின்றோம்.

மேடம் அஞ்சலையிடம் மட்டும் பேசினார். "நாளன்னிக்கு மேட்ச். இன்னிக்கி சாயந்திரம் பஸ் ஏறி, நாளைக்கு நல்லா தூங்கி எழுந்து ஆடணும்னு பேச்சு. நீ கேப்டன். இன்னா பண்ணலாம், நீயே சொல்லு."

கல்லூரிகளுக்குள் நடக்கும் அந்தக் கபடிக் கோப்பை எங்கள் கல்லூரிக்கு அதுவரை வந்ததே இல்லை. அஞ்சலைக்கு அது கடைசி வருஷம். இந்த முறை ஜெயித்தால் பல்கலைக்கழக டீமுக்கு அவளை எடுப்பார்கள் என்று பேச்சு இருந்தது. கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வாசல் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவள் போரைப் பார்த்தாள். "எங்க வூட்டுல ஒரு வாட்டி குத்தகைக் கொல்லையில போட்ட சோளம் நனைஞ்சி மொளைச்சிட்டுது மேடம். எங்கம்மா ரொம்ப நாளு யாருகிட்டயும் பேசவே இல்ல" என்றாள். "கொத்தினது நாங்க. கெட்டி பண்ணிட்டு, மேட்ச் அன்னிக்கி மொத பஸ்ஸுல போயிக்கலாம்."

செயின் போட்டு மிதித்தோம்

களிமண் சுமந்து வந்து கொட்டினோம். ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர். மண் குழைந்ததும் மிதிக்க வேண்டும். மரக்கட்டைக்குப் பிடி போட்ட திமிசு ஊரில் இரண்டுதான் இருந்தது. அதைத் தூக்கித் தூக்கிப் போட்டு இடிக்க ஆள் மாற்றி ஆள் போனோம். மற்றவர்களுக்குக் கால்தான் திமிசு.

ஆளுக்கொரு பக்கம் மிதித்ததில் தரை மேடும் பள்ளமுமாக வந்தது. அப்போது அஞ்சலை, "செயின் போடுங்கடி" என்றாள். கபடியில் தடுப்பவர்கள் கை கோர்த்து நிற்பதைத்தான் செயின் என்போம். மைதானத்தில் பழகிய அதே வரிசையில் கை கோர்த்து, ஒரே அடியாக மிதித்துக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனோம். சும்மா போனால் கால் சேரவில்லை. "கபடி கபடி கபடி" என்று ஒரே மூச்சில் பாடினோம், சேர்ந்துவிட்டது. யாருக்கு மூச்சு விட்டுப் போகிறதோ அவள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று மேடம் சட்டம் போட்டார்.

ஊர்ப் பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செயினுக்குள் வந்துவிட்டார்கள். என் வலது கையை ராமாயி அக்கா பிடித்தார். நான் வழக்கம்போல் அவர் காலைப் பார்த்தேன். அடேயப்பா, என்ன கணுக்கால். பிடித்தால் நம் கைதான் கழன்று போகும்.

"கார்னருக்கு நீங்க வந்துடுங்கக்கா" என்றேன்.

"அந்தப் பாட்டுல மூச்சு வுடக் கூடாதாமே. நான் பேசாத இருக்க மாட்டேனே" என்றார். கலங்கிய கண்ணோடு நின்றவர் சிரித்துவிட்டார். எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் தூறல் போட்டது. எல்லாரும் போரைப் பார்க்க, அஞ்சலை ஓடிப்போய் எங்கள் ஃப்ளெக்ஸ் பேனரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். போர் மேல் போர்த்தி நான்கு மூலைக்கும் கல் கட்டினோம். முதல்வர் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி மழையில் நனைந்தார். அந்த முகாமில் அவர் நேரடியாகச் செய்த சேவை அதுதான். நல்லவேளையாகத் தூறல் வலுக்கவில்லை.

மறுநாள் சுள்ளென்று வெயில். பாதி காய்ந்த தரையை மறுபடி மிதித்தோம், மறுபடி இடித்தோம், தட்டுப் பலகையால் தட்டினோம். வெயில் சாய்கிற நேரத்தில் சாணி கரைத்து, பெண்களோடு பெண்களாகத் துடைப்பத்தால் இழுத்து மெழுகினோம். துடைப்பம் வேண்டாம் என்று மலையேறியவர்கள் நாங்கள்.

மெழுகினது காய்ந்ததும் ராமாயி அக்கா வீட்டிலிருந்து ஒரு பிடி சாமை கொண்டுவந்து தரையில் தூவினார். கையால் கூட்டி அள்ளி, உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"போதும். ரெண்டு மாடு இன்னா, யானையே கட்டலாம்" என்றார்.

அன்றைக்கு அவர் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். போன வருஷத்துச் சாமை, அடிப்பானையில் இருந்தது. உள்ளங்கை எல்லாம் கொப்புளம். சோற்றைப் பிசையவே எரிந்தது. அப்படியும் நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

நாங்கதானே ஜெயிச்சோம்

விடிந்தும் விடியாமலும் முதல் பஸ் ஏறினோம். களத்தில் அதற்குள் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. ஊரில் போன் சிக்னல் கிடையாது, மேல் பாறைக்கு ஏறினால்தான் கிடைக்கும். முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மேடத்தின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மேட்ச் எங்கள் கல்லூரி மைதானத்தில்தான். அரையிறுதியில் எப்படியோ தப்பித்தோம். இறுதி ஆட்டத்தில் திமிசு பிடித்த கை வேலையைக் காட்டியது. இரண்டு தடவை எதிர் கேப்டனின் கணுக்கால் என் கைக்கு வந்து, கொப்புளம் உடைந்து வழுக்கிக்கொண்டு போனது. கடைசி ரைடு அஞ்சலை போனாள். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நான்கு பேர் மேலே விழுந்தார்கள். அவள் கை நீண்டது. கோடு எட்டவில்லை. விசில் அடித்துவிட்டார்கள்.

தோற்றுவிட்டோம்.

பரிசு கொடுக்க மைக்கைத் தட்டும்போதே சடசடவென்று மழை பிடித்தது. எல்லாரும் ஷெட்டுக்குள் ஓடினோம். அஞ்சலை தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன். அழுகிறாள் என்று கைக்குத் தெரிந்தது. துண்டுக்குள்ளிருந்தே, "இங்கயே இப்டி கொட்டுதே, மலையில இன்னா ஆச்சோ" என்றாள்.

எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் அதேதான்.

மேடத்தின் போன் அடித்தது. புது நம்பர். மேடம் ஸ்பீக்கரில் போட்டார். முதலில் வெறும் காற்றுச் சத்தம்.

"மேடமுங்களா? ராமாயி பேசறேங்க. அடிச்சாச்சிங்க. காலைலேர்ந்து நல்ல காத்து, தூத்தறதுக்குத் தோதா இருந்திச்சி. மூட்ட கட்டி வூட்டுல ஏத்திட்டோம். கடைசி மூட்டைய வெச்சிட்டுத் திரும்பறேன், மழ புடிச்சிகிச்சி."

அஞ்சலை துண்டை எடுத்து எறிந்துவிட்டு எழுந்து வந்தாள். "அக்கா, நான் அஞ்சல. தரை எப்டிக்கா இருந்திச்சி?"

"இரும்பு கணக்கா இருந்திச்சி பாப்பா. ஒரு பொட்டு மண்ணு கலக்கல. நனைஞ்சிகினு பாறை மேல நின்னுகினு இருக்கறேன், ஒங்கிட்ட சொல்லணும்னு. ஆட்டம் இன்னா ஆச்சி? ஜெயிச்சீங்களா?"

அஞ்சலை எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். முகமெல்லாம் ஈரம், ஆனால் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சிட்டோம்க்கா" என்றாள்.

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. மொத்த டீமும் கத்திய கத்தலில் ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. மேடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினோம். மேடம் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஆடியதில்லை, ஜெயித்த மேட்ச்சுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எதிர் டீம் பெண்கள் ஷெட்டில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் கேப்டன் மெதுவாக இறங்கி வந்து என் கையைத் தொட்டாள். பாவம், குழம்பிப் போயிருந்தாள்.

"அக்கா, நாங்கதானே ஜெயிச்சோம்?"

"ஆமா, நீங்கதான்" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. திரும்பி ஸ்கோர் போர்டைப் பார்த்தாள். சாக்பீஸால் எழுதியிருந்ததை மழை அதற்குள் சுத்தமாக அழித்துவிட்டிருந்தது.